ஒரு பழைய சீனப் பணத்தாளை வாசிப்பது எப்படி? புதிதாகச் சேகரிக்கத் தொடங்குவோருக்கான செய்முறை விளக்கம்

சீனப் பணத்தாள்களைச் சேகரிக்க ஆசை, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறவர்களிடம் நான் விலைப்பட்டியலைக் காட்டுவதில்லை. பேங்க் ஆஃப் கம்யூனிகேஷன்ஸ் என்னும் சீன வங்கி, 1914 என்ற ஆண்டைத் தாங்கி வெளியிட்ட 10 யுவான் தாள் ஒன்றை உறையோடு கையில் கொடுத்து, அதில் என்னென்ன தெரிகிறது என்று சொல்லச் சொல்வேன். சிவப்பு நிறம், நடுவில் மணிக்கூண்டு உள்ள ஒரு கட்டடம், அதன் முன்னே ஒரு டிராம் வண்டி, சில சீன எழுத்துகள் என்பதோடு பெரும்பாலோர் நிறுத்திவிடுவார்கள். அந்தத் தாளில் வங்கியின் பெயர், ஆண்டு, அதைக் கொடுத்தால் வெள்ளி கிடைக்கும் ஊர், பொறுப்பேற்ற அதிகாரிகளின் முத்திரைகள், அச்சிட்ட நிறுவனம் ஆகிய அனைத்தும் இருக்கின்றன. சீன மொழி தெரியாமலேயே இவற்றில் முக்கால் பங்கை வாசித்துவிடலாம். எப்படி என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: எல்லை வகுத்துக்கொள்ளுங்கள்

இருபதாம் நூற்றாண்டின் முதல் 30 ஆண்டுகளில் சீனாவில் பணத்தாள் வெளியிட்டவர்களின் எண்ணிக்கை மலைக்க வைக்கும். மத்திய அரசின் வங்கிகள், மாகாண வங்கிகள், படைத்தலைவர்கள், தனியார் வட்டிக்கடைகள், அன்னிய வங்கிகள் என எல்லோரும் தத்தம் பெயரில் தாள் அச்சிட்டார்கள். ஹாங்காங் அண்ட் ஷாங்காய் வங்கியும், பெயரிலேயே நம் நாட்டைச் சுமந்த சார்ட்டர்ட் பேங்க் ஆஃப் இந்தியா, ஆஸ்திரேலியா அண்ட் சைனாவும் ஷாங்காயில் தங்கள் தாள்களைப் புழக்கத்தில் விட்டிருந்தன. இத்தனையையும் ஒருவர் சேகரித்து முடிக்க முடியாது, முடிக்க நினைக்கவும் வேண்டாம்.

தொடங்குகிறவருக்கு நான் பரிந்துரைக்கும் எல்லை 1905 முதல் 1935 வரை. 1905இல் சீனாவின் கடைசி மன்னர் மரபான சிங் அரசு தன் நிதித்துறையின் கீழ் ஹூபூ வங்கியைத் தொடங்கியது. அது 1908இல் தா-சிங் வங்கி எனப் பெயர் மாறி, மன்னராட்சி வீழ்ந்த பிறகு 1912இல் பேங்க் ஆஃப் சைனா ஆனது. 1908இல் பேங்க் ஆஃப் கம்யூனிகேஷன்ஸ் தோன்றியது. 1928இல் ஷாங்காயில் சென்ட்ரல் பேங்க் ஆஃப் சைனா திறக்கப்பட்டது. 1935 நவம்பர் 4 முதல், குறிப்பிட்ட அரசு வங்கிகளின் தாள்கள் மட்டுமே சட்டப்படி செல்லும் பணம் என்றும், அவற்றுக்கு ஈடாக வெள்ளி கேட்க முடியாது என்றும் ஆனது. ஆகவே வெள்ளி தருவதாக வாக்களித்த தாள்களின் காலம் அந்த நாளோடு முடிகிறது. இந்த எல்லைக்குள் பேங்க் ஆஃப் சைனா, பேங்க் ஆஃப் கம்யூனிகேஷன்ஸ், சென்ட்ரல் பேங்க் ஆகிய மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டாலே பல ஆண்டுகளுக்குப் போதும்.

தேவைப்படும் கருவிகள் அதிகமில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், கள்ள நோட்டுப் பார்க்கக் கடைகளில் வைத்திருக்கும் சிறிய புற ஊதா விளக்கு, மில்லிமீட்டர் அளவுகோல், பாலியெஸ்டர் உறைகள், ஒரு நோட்டுப் புத்தகம் ஆகியவையே போதும்.

படி 2: ஆண்டையும் தொகையையும் வாசியுங்கள்

முதல் விதி, படுக்கைவாட்டில் எழுதிய சீன எழுத்துகளை இந்த 1905–1935 காலத் தாள்களில் வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும். இன்றைய சீனத் தாள்களைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள்.

ஆண்டு பெரும்பாலும் சிறிய எழுத்தில் ஒரு வரியாக இருக்கும். சிங் காலத் தாள்களில் பேரரசரின் ஆட்சியாண்டு தரப்பட்டிருக்கும். குவாங்சு ஆண்டு என்றால் அதனோடு 1874ஐக் கூட்டுங்கள்; குவாங்சு 34 என்பது 1908. அவருக்கு அடுத்து வந்த குழந்தைப் பேரரசரின் சுவான்தோங் ஆண்டு என்றால் 1908ஐக் கூட்டுங்கள். சுவான்தோங் 3 என்பது 1911, அதோடு அந்த வரிசை முடிந்துவிடும். குடியரசுக் காலத் தாள்களில் மின்குவோ, அதாவது குடியரசு ஆண்டு இருக்கும். அதற்கு 1911ஐக் கூட்ட வேண்டும். மின்குவோ 3 என்பது 1914, மின்குவோ 17 என்பது 1928, மின்குவோ 24 என்பது 1935.

எண்களை அடையாளம் காண்பது எளிது. ஒன்றுக்கு ஒரு கிடைக்கோடு, இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று. பத்து என்பது நம் கூட்டல் குறியைப் போலவே இருக்கும். பதினேழு என்பதைப் 'பத்து, ஏழு' என்றும், இருபத்து நான்கை 'இரண்டு, பத்து, நான்கு' என்றும் எழுதுவார்கள். ஆனால் தாளின் மதிப்பைக் குறிக்கும் பெரிய எழுத்துகளில் இந்த எளிய கோடுகளைத் தேடினால் கிடைக்காது. ஒரு கோட்டைச் சேர்த்து ஒன்றை இரண்டாக்கிவிடலாம், நெடுக்காக ஒரு கோட்டைச் சேர்த்துப் பத்தாக்கிவிடலாம் என்பதால், பணத்தொகைக்கென்றே கோடுகள் நிறைந்த சிக்கலான எண் எழுத்துகளைச் சீனர்கள் வைத்திருக்கிறார்கள். காசோலையில் தொகையை எண்ணால் எழுதியபின் எழுத்தாலும் எழுதுகிறோமே, அதே எச்சரிக்கைதான். ஒன்று, ஐந்து, பத்து ஆகிய மூன்றின் சிக்கலான வடிவங்களையும் ஒரு தாளில் எழுதி ஆல்பத்தின் முதல் பக்கத்தில் ஒட்டிவைத்துக்கொண்டால் ஒரு வாரத்தில் மனப்பாடமாகிவிடும்.

வங்கியின் பெயரில் முதலில் தேட வேண்டிய எழுத்து 'ஜொங்'. ஒரு பெட்டியை மேலிருந்து கீழாக ஒரு கோடு துளைத்துச் செல்வதுபோல் இருக்கும். அதற்கு நடு என்று பொருள். சீனா என்ற பெயரின் முதல் எழுத்தும் அதுதான். பேங்க் ஆஃப் சைனாவின் பெயரும் சென்ட்ரல் பேங்கின் பெயரும் இந்த எழுத்தில்தான் தொடங்குகின்றன. பின்புறத்தில் ஆங்கிலம் இருக்குமே, இதெல்லாம் எதற்கு என்று நினைக்கலாம். மாகாண வங்கிகள் பலவற்றின் தாள்களிலும் தனியார் கடைத் தாள்களிலும் ஆங்கிலம் இருக்காது. தவிரவும், இணையத்தில் விற்பவர்கள் முன்புறத்தை மட்டும் படமெடுத்துப் போடுவது அடிக்கடி நடக்கிறது.

ஆண்டு பற்றி ஓர் எச்சரிக்கை உண்டு. தாளில் உள்ள ஆண்டு, அது அச்சான ஆண்டு என்று எண்ணிவிட வேண்டாம். நான் முதலில் சொன்ன 1914 தாளின் செதுக்கிய தகட்டை மாற்றாமல், அதே ஆண்டோடு பிற்காலத்திலும் தொடர்ந்து அச்சிட்டார்கள். இவ்வளவு பழைய தாள் மடிப்பே இல்லாமல் மலிவாகக் கிடைக்கிறதே என்று வியக்கும் புதியவர்களுக்கு இதுதான் பதில்.

படி 3: ஊர்ப்பெயரைத் தேடுங்கள்

தொடங்குகிறவர்கள் படத்தை முதலில் பார்ப்பார்கள். பழகியவர்கள் ஊர்ப்பெயரை முதலில் பார்ப்பார்கள். முன்புறத்தில் சீன எழுத்திலும் பின்புறத்தில் ஆங்கிலத்திலும், பெரும்பாலும் பிற எழுத்துகளிலிருந்து வேறுபட்ட நிறத்தில், ஓர் ஊரின் பெயர் மேலச்சாகப் பதிந்திருக்கும். ஊர்கள் அக்காலத்து எழுத்துக்கூட்டலில் இருக்கும் என்பதால் சிலவற்றை அறிந்துவைத்துக்கொள்வது நல்லது. பீக்கிங் என்பது பெய்ஜிங், டியன்ட்சின் என்பது தியான்ஜின், கான்டன் என்பது குவாங்ஜோ, அமோய் என்பது ஷியாமென், சீஃபூ என்பது யாண்டாய், முக்டென் என்பது ஷென்யாங். ஹாங்கோ இன்று ஊஹான் நகரின் ஒரு பகுதி.

ஊர்ப்பெயர் ஏன் இவ்வளவு முக்கியம்? அந்தக் காலத்துச் சீனாவில் பணம் என்றால் வெள்ளி. எடைக்கணக்கில் புழங்கிய வெள்ளியின் டேல் அளவே ஊருக்கு ஊர் மாறுபட்டது. 1914இல் வந்த நாணயச் சட்டம், அப்போதைய குடியரசுத் தலைவர் யுவான் ஷிகாயின் தலை பொறித்த வெள்ளி நாணயத்தைப் பொதுவாக்கியது, 'யுவான் பெருந்தலை' என்று மக்கள் அழைத்த நாணயம் அது. ஆனாலும் டேல் கணக்கு 1933 வரை ஒழியவில்லை. ஆகவே தாளின் மேல் ஷாங்காய் என்று இருந்தால், ஷாங்காய்க் கிளையில் கொடுத்து வெள்ளி வாங்கிக்கொள்ளலாம் என்று பொருள். அதே வங்கியின் டியன்ட்சின் தாளை ஷாங்காயில் நீட்டினால் வட்டம், அதாவது ஒரு கழிவு, பிடித்துக்கொண்டே மாற்றிக் கொடுப்பார்கள்.

இதன் முழு அர்த்தமும் 1916 மே மாதத்தில் வெளிப்பட்டது. தன்னைப் பேரரசராக்கிக்கொள்ள யுவான் ஷிகாய் எடுத்த முயற்சி தோற்று, கருவூலம் காலியாகிக் கிடந்த நேரம். மே 12 அன்று, பேங்க் ஆஃப் சைனாவும் பேங்க் ஆஃப் கம்யூனிகேஷன்ஸும் தாளுக்கு வெள்ளி தருவதை நிறுத்த வேண்டும் என்று பீக்கிங் அரசு ஆணையிட்டது. பேங்க் ஆஃப் சைனாவின் ஷாங்காய்க் கிளை மேலாளர் சோங் ஹான்ஜாங்கும் துணை மேலாளர் ஜாங் ஜியா-ஆவும் அந்த ஆணையை ஏற்க மறுத்தார்கள். கிளையின் முன்னால் திரண்ட கூட்டத்துக்கு வெள்ளியை எண்ணிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். சில நாள்களில் கூட்டம் கரைந்தது. ஒரே வங்கி, ஒரே படம், ஒரே மதிப்பு. ஷாங்காய் என்ற பெயர் இருந்த தாள் முழு மதிப்போடு நின்றது, பீக்கிங் என்ற பெயர் இருந்த தாள் தள்ளுபடியில் விலைபோனது. இன்று அந்த இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு அந்த ஊர்ப்பெயர் மட்டும்தான்.

சேகரிப்பாளர்களுக்கும் அதே பெயர்தான் விலையைத் தீர்மானிக்கிறது. உலகப் பணத்தாள்களுக்கு ஜெர்மானியரான ஆல்பர்ட் பிக் உருவாக்கிய எண்வரிசையைத்தான் விற்பவர்களும் வாங்குபவர்களும் பயன்படுத்துகிறார்கள். நாம் பேசும் 10 யுவான் தாள் அந்த வரிசையில் 118. எண்ணை அடுத்து வரும் சிற்றெழுத்து, ஊரையும் கையொப்பத்தையும் பொறுத்து மாறும். வெறும் 118 என்று மட்டும் சொல்லி ஒருவர் விற்றால், எந்த ஊர் என்று கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

படி 4: முத்திரை, கையொப்பம், அச்சகம்

இவற்றை விரைவாகவே சொல்லிவிடலாம். முன்புறத்தில் காணும் சிவப்புச் சதுரங்கள் அழகுக்காக வைத்தவை அல்ல. வங்கிப் பொறுப்பாளர்களின் முத்திரைகள். பழைய முத்திரை எழுத்தில் இருப்பதால் சீனர்களுக்கே வாசிக்கக் கடினம். பின்புறத்தில் ஆங்கிலக் கையொப்பங்கள் இருக்கும். கையொப்பம் மாறினால் அது வேறு வகைத் தாள்.

கீழ்விளிம்பில், பெரும்பாலும் லென்ஸ் வைத்தால்தான் தெரியும் அளவில், அச்சிட்டவரின் பெயர் இருக்கும். நியூயார்க்கின் அமெரிக்கன் பேங்க் நோட் கம்பெனி, லண்டனின் வாட்டர்லோ, பிராட்பரி வில்கின்சன், டி லா ரூ ஆகியவற்றின் பெயர்களைத் திரும்பத் திரும்பக் காண்பீர்கள். ஷாங்காயின் கமர்ஷியல் பிரஸ் போன்ற உள்நாட்டு அச்சகங்களும் உண்டு. இந்த ஒரு வரி பின்னர் போலியைக் கண்டுபிடிக்க உதவும் என்பதால் பதிவேட்டில் கட்டாயம் எழுதிவையுங்கள்.

படி 5: சின்னங்களைக் கேள்வியாகப் பாருங்கள்

இப்போது படத்துக்கு வரலாம். டிராகன் என்றால் வலிமை, வௌவால் என்றால் அதிர்ஷ்டம் என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யும் முறை எனக்கு ஒத்துவரவில்லை. இந்தப் படத்தைப் போட்டவர் யார், எதைக் காட்டி மக்களை நம்பச் சொல்கிறார் என்று கேட்பதே பயன் தருகிறது. 30 ஆண்டுகளில் ஆட்சி மாறியபோதெல்லாம் அந்தக் கேள்விக்கான பதிலும் மாறியது. அந்த மாற்றம்தான் இந்தக் காலத் தாள்களின் தனிச்சுவை.

மரபிலிருந்து தொடங்குவோம். தனியார் பணக்கடைகள் மரக்கட்டையில் அச்சிட்ட நெட்டுவாக்குத் தாள்களின் ஓரங்களில் எட்டு அமரர்கள், பெற்றோரைப் பேணிய பிள்ளைகளின் கதைக்காட்சிகள், பழம்பெரும் உரைநடைப் பகுதிகள் ஆகியவை மிகச் சிறிதாகச் செதுக்கப்பட்டிருக்கும். அறம் சொல்வது ஒரு நோக்கம்தான், ஆனால் முதல் நோக்கம் கள்ள நோட்டைத் தடுப்பது. நூற்றுக்கணக்கான நுண்ணிய எழுத்துகளை இன்னொரு கட்டையில் அப்படியே வெட்டுவது லேசான வேலையல்ல. வௌவால் வருவது ஒலியால். வௌவாலுக்கும் நற்பேற்றுக்கும் சீன மொழியில் 'ஃபூ' என்ற ஒரே ஒலி. ஐந்து வௌவால்கள் சேர்ந்தால் ஐந்து பேறுகள். நம்மூர்ச் சிலேடை காதுக்கு விருந்து என்றால், இது கண்ணுக்கு வைத்த சிலேடை.

சிங் அரசின் சின்னம் டிராகன். ஐந்து நகங்கள் உள்ள டிராகன் பேரரசருக்கே உரியது. 1910இல் வடிவமைத்த தா-சிங் வங்கித் தாள்களில் டிராகனோடு இளவரசர் சைஃபெங்கின் உருவமும் இடம்பெற்றது. குழந்தைப் பேரரசர் பூயியின் தந்தை அவர். ஆட்சிப் பொறுப்பாளராக இருந்தவர். பீக்கிங்கில் எஃகுத் தகட்டில் செதுக்கி அச்சிடும் முறையைக் கற்பிக்க அமெரிக்காவிலிருந்து வரவழைக்கப்பட்ட லொரென்சோ ஹாட்ச் இந்த வேலைக்குத் தலைமை தாங்கினார். தாள்கள் புழக்கத்துக்கு வருமுன் 1911 புரட்சி வந்துவிட்டது. அழகில் இவற்றுக்கு ஈடு இல்லை என்பது என் எண்ணம். அதனாலேயே போலிகளும் இவற்றில்தான் அதிகம்.

புரட்சிக்குப் பிறகு டிராகன் மறைந்தது. புரட்சி அரசுகள் வெளியிட்ட இராணுவப் பணத்தாள்களில் குறுக்காகச் சாய்த்துவைத்த கொடிகள் வந்தன. 1912இல் பேங்க் ஆஃப் சைனா அமெரிக்காவில் அச்சிட்டு வாங்கிய தாள்களில் மஞ்சள் பேரரசர் எனப்படும் தொன்ம மன்னர் ஹுவாங்தியின் உருவம் இருக்கிறது. மன்னராட்சியை வீழ்த்தியவர்கள் ஒரு மன்னரின் படத்தையா போட்டார்கள் என்று கேட்கத் தோன்றும். ஹுவாங்தி ஹான் இனத்தாரின் மூதாதை என்று போற்றப்படுபவர். வீழ்ந்த சிங் மரபோ மஞ்சு இனத்தது. 1911இல் புரட்சியாளர்கள் சிங் ஆட்சியாண்டைக் கைவிட்டு, ஹுவாங்தி காலத்திலிருந்து எண்ணி அந்த ஆண்டை 4609 என்றே எழுதினார்கள். அந்த உருவத்தின் பொருள் இப்போது விளங்கும். 1912இல், அவசரத்துக்குக் கையிலிருந்த பழைய தாள்களையும் விடவில்லை. லி ஹோங்ஜாங்கின் படம் கொண்ட தா-சிங் வங்கித் தாள்களின்மேல் புதிய வங்கியின் பெயரை அச்சிட்டுப் பயன்படுத்தினார்கள். சிங் அரசின் முன்னாள் பெரிய அமைச்சர் ஒருவர் குடியரசின் வங்கிக்குச் சாட்சி நிற்கும் அந்தத் தாள், ஒரு நூற்றாண்டின் திருப்பத்தை ஒரே பக்கத்தில் வைத்திருக்கிறது.

பேங்க் ஆஃப் கம்யூனிகேஷன்ஸ் இந்தப் பக்கமே போகவில்லை. ரயில், அஞ்சல், தந்தி, கப்பல் ஆகியவற்றைப் பார்த்துக்கொண்ட அமைச்சகத்தின் சார்பில் பிறந்த வங்கி அது. ஆகவே 1914 வரிசையின் 5 யுவான் தாளில் நீராவி ரயிலும், 10 யுவான் தாளில் ஷாங்காய்ச் சுங்க மாளிகையும் வந்தன. மூதாதையையும் தலைவரையும் விட்டுவிட்டு, எங்களிடம் ரயில் இருக்கிறது, வரி வசூலாகும் துறைமுகம் இருக்கிறது என்று காட்டி நம்பச் சொல்கிறது இந்த வங்கி. நாடு படைத்தலைவர்களால் துண்டாடப்பட்ட காலத்தில் அது கெட்டிக்காரத்தனமான தேர்வுதான்.

குடியரசை நிறுவிய புரட்சித் தலைவர் சுன் யாட்-சென்னின் படம், 1924இல் அவர் கான்டனில் தொடங்கிய சென்ட்ரல் பேங்கின் தாள்களிலேயே, அவர் உயிரோடு இருந்தபோதே வந்துவிட்டது. அவர் 1925 மார்ச் 12 அன்று இறந்தார். 1928இல் அவருடைய கட்சியான கோமின்டாங்கின் அரசு ஷாங்காயில் புதிய சென்ட்ரல் பேங்கைத் திறந்தபின் அவருடைய முகம் அரசின் முத்திரையே ஆயிற்று. 1928 ஆண்டைத் தாங்கிய அந்தத் தாள்கள் நல்ல நிலையில் எளிதாகக் கிடைப்பவை, தொடங்குகிறவருக்கு ஏற்றவை. வேளாண்மைக் கடனுக்காக வந்த ஃபார்மர்ஸ் பேங்க் ஆஃப் சைனா மட்டும் ஏர் உழும் காட்சியைப் போட்டுத் தனிவழி போயிற்று.

சின்னத்தை நுணுகிப் பார்ப்பதற்கு ஒரு பயிற்சி தருகிறேன். 1914ஆம் ஆண்டு 10 யுவான் தாளின் முன்புறத்தையும், 1930 என்ற ஆண்டைத் தாங்கிய சுங்கப் பொன் அலகுத் தாளின் பின்புறத்தையும் அருகருகே வையுங்கள். வெள்ளி விலை சரிந்ததால் சுங்க வரியைப் பொன் கணக்கில் வாங்க 1930இல் சீனா தீர்மானித்தது. ஓர் அலகு 40 அமெரிக்க சென்ட்டுக்குச் சமம். அதற்காகவே சென்ட்ரல் பேங்க் வெளியிட்ட நெட்டுவாக்குத் தாள் இது. இரண்டிலும் இருப்பது ஷாங்காய்ச் சுங்க மாளிகைதான், இரண்டிலும் மணிக்கூண்டு இருக்கிறது, ஆனால் கட்டடங்கள் வேறு. முதலாவது 1893இல் ஆங்கிலேய டியூடர் பாணியில் எழுப்பியது; அதை இடித்துவிட்டு அதே இடத்தில் 1927இல் கட்டி முடித்த பெரிய கல் மாளிகைதான் இரண்டாவது. கூரையின் சரிவையும் கூண்டின் உயரத்தையும் லென்ஸ் வழியே ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு தாள்களுக்கும் சேர்த்து ஆகும் செலவு பெரிதல்ல. இப்படிப் பார்க்கக் கற்றுக்கொண்ட கண், பிறகு எந்தத் தாளையும் மேலோட்டமாகக் கடக்காது.

படி 6: போலியை விலக்குங்கள்

இந்தப் படியை நான் செலவு செய்து கற்றேன். சேகரிக்கத் தொடங்கிய இரண்டாம் ஆண்டில், இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் டிராகனும் இளவரசர் சைஃபெங்கும் உள்ள தா-சிங் தாள் ஒன்றை, அதன் உண்மை விலையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத தொகைக்கு வாங்கினேன். உறை வந்ததும் உள்ளம் குதித்தது. விளக்கை அணைத்துப் புற ஊதா விளக்கைப் பிடித்ததும் தாள் முழுவதும் வெளிர்நீலமாக, சலவைக்குப் போட்ட வெள்ளைச் சட்டைபோல் ஒளிர்ந்தது. இன்றைய காகிதங்களில் வெண்மைக்காகச் சேர்க்கும் வேதிப்பொருள் அப்படி ஒளிரும்; 1910இல் அந்தப் பொருள் காகிதத்தில் கிடையாது. அந்தத் தாளை நான் தூக்கி எறியவில்லை. புதியவர்களுக்குக் காட்டுவதற்காகவே 'போலி' என்று பென்சிலில் எழுதிய உறையில் வைத்திருக்கிறேன்.

ஆகவே முதல் சோதனை புற ஊதா விளக்கு. மங்கலாக இருந்தால் மட்டும் அடுத்ததுக்குப் போங்கள். ஒளிராததாலேயே தாள் உண்மையானது என்று ஆகிவிடாது, அந்தக் காலத்திலேயே அச்சிட்ட கள்ளத்தாள்களும் உண்டு.

இரண்டாவது சோதனை லென்ஸ். அமெரிக்கன் பேங்க் நோட் கம்பெனியின் பெயர் இருக்கும் தாளில் முக்கியப் படம் எஃகுத் தகட்டில் செதுக்கி அச்சானதாக இருக்க வேண்டும். அம்முறையில் மை தகட்டின் பள்ளங்களிலிருந்து காகிதத்தில் ஏறுவதால், கோடுகள் சற்றே மேலெழுந்து நிற்கும். தாளைச் சாய்த்துப் பக்கவாட்டு ஒளியில் பார்த்தால் தெரியும். முகத்தின் நிழல்கூடக் கோடுகளாலும் அவற்றுக்கிடையே வைத்த சிறு கீறல்களாலும் ஆனதாக இருக்கும். அதற்கு மாறாக நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகள் கலந்து கிடந்தால் அது நேற்று அச்சடித்தது. கல்லச்சில் அச்சான உண்மையான மாகாணத் தாள்களில் கோடுகள் தட்டையாகத்தான் இருக்கும் என்பதால், தட்டையாக இருக்கிறது என்ற ஒன்றை மட்டும் வைத்து அவற்றைப் போலி என்று தள்ளிவிட வேண்டாம். நான்காம் படியில் அச்சகத்தின் பெயரைக் குறித்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான்.

மூன்றாவது, சற்றுத் தந்திரமானது. தாள் உண்மையாகவே இருக்கும், ஊர்ப்பெயர் மட்டும் பொய்யாக இருக்கும். எளிதில் கிடைக்கும் தாளின்மேல் அரிதான ஊரின் பெயரைப் பிற்காலத்தில் பதித்து விற்கும் ஏமாற்று இது. ஊர்ப்பெயரின் மை, வரிசை எண்ணின் மையைப்போல் காகிதத்தில் ஊறிப் பழகியிருக்கிறதா, மடிப்பின்மேல் வரும் இடத்தில் மை மடிப்போடு சேர்ந்து உடைந்திருக்கிறதா அல்லது மடிப்புக்குள்ளும் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மடிப்புக்குள் புது மை இறங்கியிருந்தால், மடிந்த பிறகே அந்தப் பெயர் பதிந்தது என்று பொருள்.

படி 7: நிலையை மதிப்பிடுங்கள்

புழங்காத புதுத் தாளை யு.என்.சி. என்றும், ஓரிரு மடிப்பு மட்டும் உள்ளதை எக்ஸ்.எஃப். என்றும், பல மடிப்புகள் இருந்தும் விறைப்பு குறையாததை வி.எஃப். என்றும், தளர்ந்து அழுக்கேறியதை எஃப்., வி.ஜி. என்றும் இறக்கிக்கொண்டே போவார்கள். மதிப்பீட்டு நிறுவனங்கள் 70 வரையான எண்ணைக் கொடுத்துத் தாளைக் கெட்டியான உறையில் அடைத்துத் தருகின்றன. விலை உயர்ந்த தாளுக்கு அது தேவை. சில நூறு ரூபாய்த் தாளுக்கு அந்தக் கட்டணம் தண்டம்.

மடிப்பைக் காணத் தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் போதாது. இருட்டறையில் டார்ச்சைத் தாளோடு ஒட்டிப் படுக்கையாகப் பிடித்தால், அழுத்தி மறைத்த மடிப்பும் வரப்புபோல் எழும். இந்தக் காலத் தாள்களில் வி.எஃப். நிலையையே நான் விரும்புகிறேன். ஷாங்காயில் யாரோ நான்காக மடித்துச் சட்டைக்குள் வைத்திருந்த தாள் அது என்று தெரிவதில் ஒரு நிறைவு இருக்கிறது. விற்கும்போது விலை குறையும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

தாளைக் கழுவாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், கிழிசலுக்கு ஒட்டுநாடா போடாதீர்கள், லாமினேஷன் என்ற பேச்சே வேண்டாம்.

படி 8: பாதுகாப்பும் பதிவேடும்

கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பி.வி.சி. உறைகள் நாளடைவில் எண்ணெய் கசிந்து தாளோடு ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் உறையே பாதுகாப்பு. கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் ஈரத்தில் தாள் பூஞ்சை பிடிக்கும் என்பதால் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை வைத்து, அவ்வப்போது மாற்றுங்கள். இராமபாணப் பூச்சிக்கு அஞ்சி அந்துருண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதன் ஆவி பிளாஸ்டிக்கையும் காகிதத்தையும் கெடுக்கும். ஆல்பத்தைத் தரையில் வைக்காமல், சுவரை ஒட்டாத அலமாரியில் நிமிர்த்தி வைத்து, மாதம் ஒருமுறை புரட்டிப் பார்ப்பதே போதுமானது.

பதிவேட்டை முதல் தாளிலிருந்தே தொடங்குங்கள். என் புத்தகத்தின் ஒரு பதிவு இப்படி இருக்கிறது:

'பேங்க் ஆஃப் கம்யூனிகேஷன்ஸ், 10 யுவான், மின்குவோ 3 (1914). பிக் 118. ஊர்: ஷாங்காய். அச்சு: அமெரிக்கன் பேங்க் நோட் கம்பெனி. முன்புறம்: பழைய சுங்க மாளிகை, டிராம். நிலை: வி.எஃப்., நடுவில் ஒரு நெடுமடிப்பு, மேல் வலது மூலையில் ஊசித்துளை இரண்டு. புற ஊதா: மங்கல். கோடுகள்: எழுந்துள்ளன.'

வாங்கிய நாளும் கொடுத்த விலையும் அதற்குக் கீழே இருக்கும். இந்தப் பதிவை நிரப்பத் தேவையான எந்த விவரத்தையாவது விற்பவரின் படத்திலிருந்து உங்களால் எடுக்க முடியாவிட்டால், வாங்குவதற்கு முன் அதைக் கேட்டுப் பெறுங்கள். பின்புறப் படம் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். முதல் தாளுக்கு இந்த 10 யுவானையும், இரண்டாவதற்கு 1928ஆம் ஆண்டு சென்ட்ரல் பேங்க் தாளையும், மூன்றாவதற்குச் சுங்கப் பொன் அலகுத் தாளையும் தேடுங்கள். டிராகன் தாளுக்கு இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்கலாம்.